மணியின் ஞானத்தகப்பன்

கோர்படி, புனே
12 பிப்ரவரி 2024

சேசு மரி சூசை.

தங்கச்சி மில்ட்ரெட்டுக்கு,

நம் கோயில் மணி எந்த வருஷம் வந்தது என்று கேட்டிருக்கிறாய். பான்ஷெத் அணை உடைந்து ஆறு ஊருக்குள் புகுந்த வருஷம். பேட்டைகளில் வீடு போன ஜனங்கள் பாத்திரம் பண்டத்தோடு வந்து நம் கோயில் மண்டபத்தில் படுத்திருந்தார்கள். அதே வருஷக் கடைசியில் கோவாவுக்குப் பட்டாளம் போனது. இந்த இரண்டுக்கும் நடுவில் வந்தது மணி. பம்பாயில் கப்பலைவிட்டு இறங்கி, கூட்ஸ் வண்டி ஏறி, கோர்படி ரயில் யார்டில் பட்டாள வண்டிகளுக்கு வழிவிட்டுத் தார்பாய்க்குள் ஓரமாகக் கிடந்தது. பாயிண்ட்ஸ்மேன் வேலையில் புதுசாகச் சேர்ந்திருந்த நான் அதன் பக்கத்தில்தான் கொடி பிடித்து நின்றேன். உங்கள் ஊர்ப் புத்தகத்துக்கு இது போதுமா?

இதை எழுதுகிற பாமா பேனாவை நிறுத்திவிட்டாள். "என்ன ஐயா, சுகம்கூட விசாரிக்காம ஆரம்பிச்சுட்டீங்க?" என்கிறாள். பாமா அடுத்த கட்டடத்தில் இருக்கிறவள், பட்டாளக் கணக்கு ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவள். எனக்கு எழுத்து தெரியாது. பேரன் கிரேக்குக்குத் தமிழ் பேசவே திக்குகிறது. அதனால் பாமா. நான் சுகம். காது மந்தம், கால் வீக்கம். ஞாபகம் மட்டும் கெடவில்லை. நீ சுகமா? முழங்கால் எப்படி இருக்கிறது?

புத்தகத்துக்கு என்று கேட்டதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். லூசியன் சாமியார் திண்டிவனம் பக்கம் தமிழ் படித்துவிட்டு, ரயில்வே தமிழர்களுக்காக இங்கே வந்தவர். அவர் பிறந்த, இப்போது நீ இருக்கிற பிரான்ஸ் தேசத்து ப்ரெனோ கிராமத்தார் காசு போட்டு வார்த்து அனுப்பிய மணி அது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஏற்றியே தீரவேண்டும் என்று நின்றார். வாலிஸ் காண்ட்ராக்டர் கயிறும் கப்பியும் கொடுத்தான். கயிறு அறுந்தது. மணி ஊசலாடி வந்து, மேலே சாரத்தில் நின்ற நம் பெரியண்ணன் ராயப்பனைச் சுவரோடு வைத்து அடித்தது. மணியில் ஒரு கீறல் இல்லை.

சாமியார் வந்து நம் அம்மா காலடியில் உட்கார்ந்து பேசினார். போலீஸில் சொன்னால் கோயில் வேலை நின்றுவிடும், ராயப்பன் வீட்டுக்கூரை ஓடு மாற்றும்போது விழுந்தான் என்று சொல்லுங்கள் என்றார். பதிலுக்கு ஒரு வாக்கு கொடுத்தார். உங்கள் ஊரில் மணிக்கும் ஞானஸ்நானம் உண்டாம், ஞானத்தாய் ஞானத்தகப்பன் உண்டாம். ஞானத்தாய் பெயர் அங்கேயே வார்த்து வந்துவிட்டது, ஞானத்தகப்பனுக்கு இடம் விட்டிருக்கிறது, அங்கே ராயப்பன் பெயரை வெட்டுவேன் என்றார். "மணி அடிக்கும்போதெல்லாம் உங்கள் மகன் பெயர் கேட்கும் அம்மா" என்றார். அம்மா ஒத்துக்கொண்டாள். மறுநாள் அடக்கம். அதற்கு மறுநாள் புதுக் கயிறு போட்டு மணியை ஏற்றினார்கள். கிறிஸ்துமஸ் இராத்திரி சாம பூசைக்கு முதல் இழுப்பை சாமியார் வாலிஸுக்குக் கொடுத்தார். பெரிய மனுஷன், கொடுக்கட்டும் என்று இருந்தேன்.

புத்தகத்தில் ராயப்பன் பெயர் வரவேண்டும். எப்படிச் செத்தான் என்பதும் வரவேண்டும். நான் கேட்பது அது ஒன்றுதான்.

சாமி காக்கட்டும்.
சின்னண்ணன் இன்பநாதன்

*

ப்ரெனோ, பிரான்ஸ்
9 மார்ச் 2024

அன்புள்ள சின்னண்ணாவுக்கு, தங்கை மில்ட்ரெட் அநேக தோத்திரம். நான் சுகம். முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். உங்கள் கால் வீக்கத்துக்கு உப்பைக் குறையுங்கள். கிரேக் அந்தச் சாகண் ஊர்க் கம்பெனியில்தான் இருக்கிறானா? கல்யாணம் பேசுகிறீர்களா?

தமிழில் எழுதி ரொம்ப நாள் ஆகிவிட்டது. "ழ" போட்டால் கை எங்கேயோ போகிறது. பாமா அம்மா சிரிக்கப்போகிறார்.

இங்கே வேலை மும்முரமாக நடக்கிறது. செப்டம்பரில் இந்தத் தேசம் முழுக்கப் பழைய கட்டடங்களைத் திறந்து காட்டுகிற நாள் ஒன்று உண்டு. அன்றைக்குக் கோயில் சரித்திரப் புத்தகத்தை வெளியிடப்போகிறார்கள். புத்தகம் போடுகிற ஊர்ச் சங்கத்தின் செயலாளர் நிக்கோல் என்று ஒரு அம்மாள், பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். இங்கே கோயில் சாமியாருக்குச் சொந்தமில்லை, பஞ்சாயத்துக்குச் சொந்தம். ஒரு சாவி மேயரிடம், இன்னொன்று என்னிடம். தினமும் காலையில் கதவைத் திறந்து காற்று விடுகிறேன். பூசை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மற்ற நாட்களில் வௌவால்தான்.

சுவர் எண்ணூறு வருஷத்துப் பழசு. புரட்சிக் காலத்தில் பீரங்கி வார்க்க எல்லாக் கோயில் மணியையும் பிடுங்கினார்களாம். இந்த ஊர்க்காரர்கள் ஒரு மணியை மட்டும் எருக்குழியில் புதைத்துக் காப்பாற்றினார்கள். அதற்குத் தங்கையாகத்தான் நம் கோர்படி மணியை வார்த்தார்கள். ஞானஸ்நானத்தன்று அதற்கு வெள்ளைச் சட்டைகூடப் போட்டார்களாம். ஞானத்தாய் சர்க்கரை பூசிய பாதாம் கொட்டையைக் கூட்டத்தில் வீசினாளாம். அதைப் பொறுக்கிய கிழவர்கள் இன்னும் சொல்லுகிறார்கள்.

கோபுரம் ஏறும் படியில் ஒரு கல் இருக்கிறது. கோபுர உச்சி கட்டும்போது விழுந்து செத்த கொத்தனார் ஒருவருடைய பெயரை அதில் வெட்டியிருக்கிறார்கள். யாரும் மிதிக்கமாட்டார்கள். கல்லறைத் திருநாளில் அந்தப் பெயரையும் சேர்த்து வாசிப்பார்கள். உள்சுவரில் முதல் உலகச் சண்டையில் செத்த ஊர்ப் பையன்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன.

நிக்கோல் அம்மாளுக்கு மணியின் போட்டோ வேண்டுமாம். எழுத்து தெரியும்படி. கிரேக்கை எடுக்கச் சொல்லுங்கள். அவள் போன் நம்பர் கீழே எழுதியிருக்கிறேன்.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மில்ட்ரெட்

*

கோர்படி
14 ஏப்ரல் 2024

சேசு மரி சூசை.

தங்கச்சிக்கு, நான் சுகம். உப்பைக் குறைத்தேன், ருசி போனது, வீக்கம் அப்படியே இருக்கிறது.

உன் கடிதத்தைப் பாமாவை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். வௌவால் வந்தது, பாதாம் வந்தது. ராயப்பன் வரவில்லை.

ஆனால் ஒரு நல்ல விஷயம் எழுதியிருக்கிறாய். அந்தக் கொத்தனார். விழுந்து செத்தவன் பெயரைக் கல்லில் வெட்டி, மிதிக்காமல் நடக்கிற ஊரா அது! பாமாவைக் கேட்டேன், அவனுக்கு எந்த உறவு மிச்சம் இருக்கும் என்று. யாரும் இருக்கமாட்டார்கள் என்றாள். உறவு இல்லாதவன் பெயரையே வாசிக்கிறவர்கள், ராயப்பன் பெயரைச் சொன்னால் வேண்டாம் என்பார்களா? சொல்லிப் பார். அதே மணியின் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்கிறாய்.

மணி மேலே இருக்கிறது, அடிப்பதில்லை. பக்கத்தில் வந்த பெரிய அபார்ட்மெண்ட்காரர்கள் சத்தம் என்று புகார் கொடுத்தார்கள். இப்போது ஸ்பீக்கரில் மணிச் சத்தம் போடுகிறார்கள், வேறு எந்தக் கோயில் மணியோ. தமிழ்ப் பூசை மாதத்துக்கு ஒன்று. அதற்கும் கோயில் நிறைவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கிரேக்கை ஏணியில் ஏற்றினேன். புறா எச்சம் அவன் சட்டை முழுக்க. "தாத்தா, என்ன இது, கபூத்தர் கானாவா?" என்று கத்தினான். "எழுத்தைப் புடிச்சியாடா?" என்றேன். "எடுத்துட்டேன், எடுத்துட்டேன், என்னை இறங்க விடுங்க" என்றான். இறங்கும்போதே அந்த அம்மாளுக்கு அனுப்பிவிட்டான். எழுத்தெல்லாம் பச்சைப் பாசி பிடித்திருக்கிறதாம். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் மணியடிக்கிறவனாக இருந்த காலத்தில் பாஸ்காத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை மேலே ஏறிப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பேன். வார்த்த எழுத்து மேடாக இருக்கும். அதற்குக் கீழே வெட்டின எழுத்து பள்ளமாக இருக்கும். பள்ளத்தில் விரலை விட்டு, கடைசி எழுத்துவரைக்கும் போய், நெற்றியில் வைத்துக்கொள்வேன். படிக்கத் தெரியாதவனுக்கு அப்படித்தான். விரலுக்குத் தெரியும்.

புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அனுப்பு.

சின்னண்ணன்

*

கோர்படி
15 ஏப்ரல் 2024

மதிப்பிற்குரிய மில்ட்ரெட் அம்மாவுக்கு, பாமா வணக்கம். இந்தக் கடிதம் ஐயாவுக்குத் தெரியாமல் எழுதுவது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கிரேக் எடுத்த போட்டோவை என் போனுக்கும் அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தேன். மேட்டு எழுத்தில் ஒரு பிரெஞ்சு அம்மாள் பெயர். அதற்குக் கீழே வெட்டியிருக்கும் பெயர் டெரன்ஸ் வாலிஸ். வேறு பெயர் எதுவும் அந்த மணியில் இல்லை.

கிரேக்குக்குப் பழைய கதை தெரியாது, அதனால் கவனிக்கவில்லை. ஐயா என்னிடம் "படிச்சுச் சொல்லு" என்று கேட்கவும் இல்லை. அவருக்கு அதில் சந்தேகமே கிடையாது. இதைச் சொல்ல நான் யார் அம்மா? நீங்கள் எழுதினால் வாசித்துக் காட்டுகிறேன். அதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பாமா

*

ப்ரெனோ
20 ஜூன் 2024

அன்புள்ள சின்னண்ணாவுக்கு, பதில் எழுதத் தாமதித்ததற்கு மன்னிக்கவும். ஈரல் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் கொஞ்சநாள் வைத்திருந்தார்கள். இப்போது பரவாயில்லை. நீங்கள் சுகமா? அங்கே மழை தொடங்கியிருக்குமே.

நான் இல்லாத நாட்களில் கோயிலைத் திறக்க ஆளில்லை. திரும்பி வந்து பார்த்தால் பாடகர் மாடியில் ஓட்டை, பாவசங்கீர்த்தனப் பெட்டிமேல் தண்ணீர். மேயர் கூரைக்கு மனுப் போட்டிருக்கிறார். ஊர் ஜனங்கள் நல்லவர்கள். ஆஸ்பத்திரிக்குத் தினம் ஒருவர் வந்து பார்த்தார்கள். இன்றைக்கும் என்னைச் "சாமியாருடைய மில்ட்ரெட்" என்றுதான் சொல்லுவார்கள். அவரோடு வந்தவள், அவருக்குச் சமைத்தவள், கடைசியில் அவர் கண்ணை மூடினவள். அதனால் அப்படி.

புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டீர்கள். நம் மணியைப் பற்றி ஒரு பக்கம். லூசியன் சாமியார் அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு இங்கே எழுதின கடிதத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். "கோர்படி மக்கள் பாடிக்கொண்டே மணியை ஏற்றினார்கள். ஆண்டவர் கிருபையால் ஒரு சேதமும் இல்லை" என்று வருகிறது. அவருக்கு ஒரு நினைவுக்கல்லும் வைக்கிறார்கள். இங்கத்து பிஷப், மேற்றிராணியாரே வருகிறார்.

போட்டோ நன்றாக வந்திருக்கிறது என்று நிக்கோல் அம்மாள் சொன்னாள்.

மழையில் நனையாதீர்கள்.
மில்ட்ரெட்

*

கோர்படி
12 ஜூலை 2024

மில்ட்ரெட்டுக்கு,

ஈரல் குணமாகட்டும். பூசைக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு அணை உடைந்த நாள். வெளியே மழை.

ஒரு சேதமும் இல்லை. இந்த வரியைப் பாமா வாசித்ததும் மறுபடியும் வாசி என்றேன். மூன்றாம் தரம் கேட்டதும் "வேணாம் ஐயா" என்று காகிதத்தை மடித்துவிட்டாள். மரத்தடியில் செத்த கோழிக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லுவார்கள்.

சாமியார் எழுதினது பொய் என்று அவர்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். மணியிலேயே என் அண்ணன் பெயர் இருக்கிறது, யார் என்று கேளுங்கள் என்று சொல்ல உனக்கு என்ன கஷ்டம்? போட்டோ அவர்கள் கையில் இருக்கிறது. பெயரைப் பார்த்த அந்த அம்மாள், இவர் யார் என்று உன்னிடம் கேட்கவே இல்லையா?

போனில் பேசலாமே என்று பாமா சொன்னாள். வேண்டாம் என்றேன். போனில் நீ அழுவாய். நீ அழுதால் நான் கேட்க வந்ததை விட்டுவிடுவேன். எழுத்தில் சொல்.

இன்பநாதன்

*

ப்ரெனோ
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சின்னண்ணாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை வாசிக்கும்போது பாமா அம்மா பக்கத்திலேயே இருக்கட்டும். உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

மணியில் பெரியண்ணன் பெயர் இல்லை. வாலிஸ் காண்ட்ராக்டர் பெயர் இருக்கிறது.

லூசியன் சாமியார் வாக்குக் கொடுத்தபோது மனசாரத்தான் கொடுத்தார். பிறகு பம்பாயிலுள்ள மேலிடத்துக்குத் தந்தி அடித்துக் கேட்டிருக்கிறார். செத்தவர் ஞானத்தகப்பன் ஆக முடியாது என்று பதில் வந்ததாம். ஞானத்தகப்பன் உயிரோடு வந்து நின்று, மணியின் கயிற்றை முதலில் இழுத்து, அதற்குக் குரல் கொடுக்கவேண்டும். இந்த ஊர் வழக்கமும் அதுதான். முதல் இழுப்பு இழுத்தவர் யாரோ அவர் பெயர்தான் வெட்டவேண்டும். வாலிஸ் கயிறும் கப்பியும் இனாமாகக் கொடுத்தவர், பெஞ்சும் செய்து தருவதாகச் சொன்னார். அவரைக் கூப்பிட்டார்கள். அம்மாவிடம் மறுபடி போய்ச் சொல்ல சாமியாருக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

எனக்கு அப்போது தெரியாது. அவர் சாகக் கிடந்த குளிர்காலத்தில் என்னிடம் சொன்னார். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி யாருக்குச் சொல்ல என்று விட்டுவிட்டேன். போட்டோ கேட்டது நான் இல்லை, சங்கம்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை அண்ணா. கடைசிவரையில் கிறிஸ்துமஸ் இராத்திரி அவர் தூங்கினதே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மில்ட்ரெட்

*

கோர்படி
25 ஆகஸ்ட் 2024

மில்ட்ரெட்டுக்கு,

கடிதம் வந்தது. கேட்டேன். நான் சுகம்.

பாமா வாசிக்கும்போதே அவள் குரலில் தெரிந்துவிட்டது, இவளுக்கு முன்பே தெரியும் என்று. கேட்டேன். "ஏப்ரல்லயே தெரியும் ஐயா" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் பக்கத்துக் கட்டடத்துக்காரி. நீ என் அம்மா வயிற்றில் பிறந்தவள்.

அம்மா எப்படி இருந்தாள் என்று உனக்குச் சொல்கிறேன், நீதான் போய்விட்டாயே. காலை மணி அடித்தால் அடுப்பை விட்டு எழுந்திருப்பாள். மத்தியான மணி அடித்தால் மாவு பிசைகிற கையோடு வாசலுக்கு வருவாள். "என் புள்ள கூப்புடுறான்டா" என்பாள். "இன்னாடா ராயப்பா, துன்னியா?" என்று கோபுரத்தைப் பார்த்துக் கேட்பாள். வாயடைத்துக் கிடந்த கடைசி வாரத்திலும் மணிச் சத்தத்துக்கு மட்டும் விரல் அசைந்தது. கயிறு இழுத்தவன் நான். அம்மாவுக்காக இரண்டு இழுப்பு கூடவே இழுத்துவிட்டு ஓடிவருவேன். எல்லாம் வாலிஸ் காண்ட்ராக்டருக்கு! சாகிறவரைக்கும் என் அம்மா வாலிஸ் காண்ட்ராக்டருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாஸ்காவுக்குப் பாஸ்கா நானும் அவன் பெயரைத்தான் புளி போட்டு விளக்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டேன்.

அவன் கொடுத்த கயிறு எப்படிப்பட்டது தெரியுமா? அது அவன் கழித்துப் போட்ட கயிறு. கயிறு பிடித்த மரியசூசை சாகுமுன் என்னிடம் எல்லாம் சொன்னான். அன்றைக்கு ராயப்பன் மேலே இருந்து கத்தினானாம், "சாமி, கயிறு பிரிஞ்சுகினு கீது. ரெண்டு நாள் பொறு சாமி, நான் ரயில் ஷெட்ல கேட்டு நல்ல கயிறு வாங்கியாறேன்" என்று. சாமியார் கீழே இருந்து சிரித்தாராம். "கிறிஸ்துமஸ் உனக்காக இரண்டு நாள் காத்திருக்குமா ராயப்பா?" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். பிறகு "இழு" என்றாராம்.

டீ கூஜாவோடு நீ அங்கே நின்றாய் என்றும் மரியசூசை சொன்னான். இத்தனை வருஷம் நான் உன்னை அதைக் கேட்டதில்லை. கேட்டால் நீ பொய் சொல்லவேண்டிவரும் என்று விட்டேன். அண்ணன் செத்த மறுமாதம் சாமியார் உன்னை மடத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், எழுத்து சொல்லிக்கொடுத்தார், பிறகு கப்பல் ஏற்றிக் கூட்டிப்போனார். ஒரு வீட்டில் அம்மா வாயை மூட ஒரு பொய், மகள் வாயை மூட ஒரு படிப்பு. பாமா இதை எழுதமாட்டேன் என்றாள். எழுது என்றேன்.

செத்தவன் ஞானத்தகப்பன் ஆகமுடியாது. சரி, அது அவர்கள் சட்டம், போகட்டும். மணியில் வேண்டாம். அந்தப் புத்தகத்தில் ஒரு வரி. ராயப்பன் என்று ஒருத்தன், கயிறு சரியில்லை என்று சொன்னான், கேட்கவில்லை, இந்த மணியில் அடிபட்டுச் செத்தான். அவர்கள் பாஷையில் அது எத்தனை நீளம் வரும்? மேற்றிராணியார் வருகிற நாளில் எழுந்து நின்று சொல். நான் அப்போது யார்டில் இருந்தேன். நான் பார்க்கவில்லை. நீ பார்த்தாய்.

இன்பநாதன்

*

ப்ரெனோ
30 செப்டம்பர் 2024

அன்புள்ள சின்னண்ணாவுக்கு, நலம் விசாரிக்கிறேன். எனக்கு மூச்சுத்தான் கொஞ்சம் வாங்குகிறது.

விழா நடந்து முடிந்தது. வெயில் அடித்தது. கோயில் நிறைய ஜனம். மேற்றிராணியார் பேசினார், மேயர் பேசினார். நினைவுக்கல்லின் துணியை என்னைத்தான் விலக்கச் சொன்னார்கள். விலக்கினேன். பேசவும் சொன்னார்கள். எழுந்து நின்றேன் அண்ணா. உங்கள் கடிதம் பையில் இருந்தது. முன்வரிசையில் லூசியன் சாமியாருடைய தங்கை மகள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "நன்றி" என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

புத்தகம் ஒன்று தனியே அனுப்பியிருக்கிறேன். மணியின் படம் நன்றாக வந்திருக்கிறது. கிரேக் பெயரையும் போட்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லவில்லை. கோயில் மதிலோரம், சாமியார் கல்லறைக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். வேற்றூர்க்காரிக்கு அங்கே இடம் கொடுப்பது இதுதான் முதல் தடவையாம். கல்லும் வந்துவிட்டது. என் பெயரையும் பிறந்த வருஷத்தையும் வெட்டிவிட்டார்கள். மற்றதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் கோயிலைத் திறக்கப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறேன். எனக்கு இந்த ஊரில் வேறு யாரும் இல்லை அண்ணா. அங்கேயும் உங்களைத் தவிர யாரும் இல்லை.

எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.
மில்ட்ரெட்

*

கோர்படி
2 நவம்பர் 2024, கல்லறைத் திருநாள்

சேசு மரி சூசை.

தங்கச்சிக்கு,

மூச்சுக்கு ஆவி பிடி. இஞ்சி கிடைக்குமா அங்கே? நான் நடமாடுகிறேன்.

புத்தகம் வந்தது. கனமான காகிதம். பாமா பக்கம் பக்கமாகத் திருப்பி, படத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னாள். உங்கள் கோபுரம், எருக்குழியில் புதைத்த மணி, அந்தக் கொத்தனார் கல். கொத்தனார் கல்லுக்கு ஒரு முழுப் பக்கம். இன்றைக்கு அவன் பெயரை வாசித்திருப்பார்கள். நீதானே கதவு திறந்துவிட்டிருப்பாய்?

இங்கே நான் வேறு ஒரு காரியம் செய்தேன். நம் கோயில் சபைச் செயலாளர் இப்போது நீல் என்று ஒரு பையன், விஷ்ராந்த்வாடியில் இருந்து வருகிறான். அவனிடம் போய், மணிக்குக் கீழே கோபுரச் சுவரில் ராயப்பன் பெயரில் ஒரு சின்னக் கல் வைக்கவேண்டும் என்றேன். முழுக்கதையும் சொன்னேன். நல்ல பையன், டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டான்.

"அங்கிள், எல்லாம் டீக் ஹை. ஆனா ரிக்கார்ட்ல வீட்டுக்கூரைல இருந்து விழுந்தாருன்னு இருக்கே. நீங்க பாத்தீங்களா?"

"நான் யார்டுல டூட்டி."

"அப்ப பாத்தவங்க யாராச்சும்? ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாக்கூடப் போதும், நான் கமிட்டில பேசி வாங்கிடறேன். அன்னிக்கு யார் யார் இருந்தாங்க, சொல்லுங்க."

சொன்னேன். உனக்கும் சொல்கிறேன், எழுதிக்கொள் என்று பாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இழு என்று சொன்ன லூசியன் சாமியார் உங்கள் ஊர் மண்ணில் இருக்கிறார். வாலிஸ் காண்ட்ராக்டர் கொய்னா பூகம்பத்துக்கு அடுத்த வருஷம் வீட்டை விற்றுவிட்டு ஆஸ்திரேலியா போனான். அங்கே செத்தான் என்று அவன் சமையல்காரி வந்து சொன்னாள். கயிற்றில் முதலாவது நின்ற மரியசூசை, எமர்ஜென்சி நடக்கிறபோது, நெஞ்சு சளியில். இரண்டாவது சின்னப்பன், லாத்தூரில் பூமி அதிர்ந்த மாசம், தூக்கத்திலேயே. அவன் தம்பி செபஸ்தியான் அதற்கும் முன்னால், குடித்து. கோபுரத்துக்குப் பூச்சு பூசிய மராட்டிக் கொத்தனார் தாமு, ராயப்பனை முதலில் தூக்கி மடியில் போட்டவன், அவன் பன்றிக் காய்ச்சல் வந்த வருஷம். கப்பியைப் பிடித்திருந்த எட்வர்ட் டிரைவர், கொரோனாவின் முதல் அலையில். அவனைப் பார்க்கக்கூட விடவில்லை.

நீல் விரல் மடித்துக்கொண்டே வந்தான். "எல்லாரும் போயிட்டாங்களா அங்கிள்? ஒருத்தர்கூட இல்லையா?" என்றான்.

ஒரு ஆள் உண்டு என்றேன். அன்றைக்குப் பதினைந்து வயசு. கயிறு பிரிகிறது என்று ராயப்பன் சொன்னதைக் கேட்டது, சிரித்ததைப் பார்த்தது, கையிலிருந்த டீ கூஜாவைக் கீழே போட்டது. தமிழும் எழுதும், பிரெஞ்சும் எழுதும். பெயர் கல்லில் வெட்டியாகிவிட்டது, ஆனால் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்றேன்.

"யாரு அங்கிள்? பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றான்.

சொன்னேன். ராயப்பன் தங்கச்சி மில்ட்ரெட்.